மேற்கே கட்டிய வளைவு

அலோயிஸ் ஹன்ஸ்லீக் இறந்துபோனதை ஊராட்சி அலுவலக வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ‘கூரை வேலைக்காரர். போரின் கடைசி நாளில் மகனைப் பறிகொடுத்தவர். ஊரே துயரத்தில் ஆழ்ந்துள்ளது.’ படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் துயரத்திலும் ஆழவில்லை, ஒரு மண்ணிலும் ஆழவில்லை. அன்றைக்கும் என் பீர்க்கடையில் வழக்கமான கூட்டம்தான். பொழுது சாய்வதற்குள் உருளைக்கிழங்கு அடை தீர்ந்துவிட்டது. அது போகட்டும். ‘பறிகொடுத்தவர்’ என்றால் பறித்தது யார்? அதை எழுத மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை.

அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் செக் நாட்டுக் கிராமமான ஹப்ரோவில் இந்தக் கடை முதலில் என் அப்பாவுடையது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இப்போது அதே அரசாங்கம் மன்னிப்புக் கேட்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறது. வாசல் பலகையில் பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் பீர் ஊற்றிய கை என்னுடையதுதான். யார் யாரோடு உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்பது பாதிரியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அலோயிஸ் வெள்ளிக்கிழமைதோறும் என் கடையில் இரண்டாம் உலகப் போரை வேறு மாதிரி முடித்துவைப்பார்.

கணப்படுப்புக்குப் பக்கத்து மேஜைதான் அவருடைய போர்க்களம். கடுகு ஜாடி பிராக் நகரம். உப்புக் கிண்ணம் எங்கள் ஹப்ரோவ். சாம்பல் கிண்ணம் ரோகிட்சானி. எங்களுக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில் இருக்கும் சின்ன நகரம், அமெரிக்கப் படை வந்து நின்றுவிட்ட இடம். பீர் கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டைகள் அமெரிக்க டாங்கிகள். ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடி செஞ்சேனை. ஜாடி பெரியது என்பதால் அதைக் கிழக்கு மூலையில் தரையிலேயே வைத்துக்கொள்வார்கள்.

“பாரு மச்சான், நான்தான் தளபதி,” என்று அட்டைகளை அடுக்கிக்கொண்டு ஆரம்பிப்பார் அலோயிஸ். “மேலிடத்துல இருந்து ‘நில்லு’ன்னு உத்தரவு வருது. எனக்குக் காது கேக்கல. டாங்கி சத்தத்துல யாருக்குக் கேக்கும்? நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கேன்.”

எதிரில் உட்கார்ந்திருப்பவன் விலேம், அலோயிஸின் மனைவி பிளாஜெனாவின் தம்பி. “உத்தரவ மீறினா சுவத்தோரமா நிக்கவெச்சுச் சுட்டுருவாங்களே மச்சான்,” என்பான்.

“சுடட்டுமே. பிராக் போய்ச் சேந்ததுக்கு அப்புறம் சுடட்டும். யார் வேணாங்கறா?”

அட்டைகள் சாம்பல் கிண்ணத்தைத் தாண்டும், உப்புக் கிண்ணத்தைத் தாண்டும், கடுகு ஜாடியைச் சுற்றி வளைக்கும். பிராக்கில் எழுச்சி செய்தவர்கள் சாகமாட்டார்கள். ஜெர்மன்காரர்கள் ஆற்றங்கரையிலேயே கையைத் தூக்கிவிடுவார்கள். செஞ்சேனை விருந்தாளியாக வந்து, சாப்பிட்டுவிட்டு, விருந்தாளியாகவே ஊர் திரும்பும். கூட்டுப்பண்ணைக்கு யாருடைய மாடும் போகாது.

“அண்ணே, வெள்ளரிக்காயப் பத்திக் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. சுவத்துக்கும் கட்சி அட்டை இருக்கு,” என்பேன் நான்.

“வெள்ளரிக்காய நான் எங்கேம்மா சொன்னேன்? நல்ல காய், புளிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.”

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஆட்டம் எப்படிப் போனாலும் முடிகிற இடம் ஒன்றுதான். அட்டைகளை விட்டுவிட்டு, உப்புக் கிண்ணத்தை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டே சொல்வார்: “லூபோஷுக்கு இப்ப நாப்பது. தொந்தி விழுந்திருக்கும். பொண்டாட்டிகிட்ட தெனமும் திட்டு வாங்கிக்கிட்டு இருப்பான்.” ஒவ்வொரு வருஷமும் மகனுக்கு ஒரு வயதைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் லூபோஷுக்கு மூட்டுவலிகூட வந்துவிட்டது. உண்மையில் லூபோஷ் பத்தொன்பது வயதில் செத்துப்போனவன்.

“சாகறதுக்குள்ள அந்த அமெரிக்காக்காரனுங்கள்ல ஒருத்தன் என் எதிர்ல உக்காரணும்,” என்பார் கடைசியில். “‘நாலு கிலோமீட்டர் வர்றதுக்கு உங்களுக்கு என்னடா வந்துச்சு’ன்னு கேக்கணும். பதில் வேணும் எனக்கு. அது மட்டும் போதும்.”

“அவனுங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருந்தாத்தான மச்சான் பதில் சொல்ல,” என்பான் விலேம். சொல்லிவிட்டு அட்டைகளைப் பழையபடி அடுக்கி வைப்பான். அடுக்கி வைப்பது எப்போதும் அவன்தான்.

நாற்பத்தைந்தாம் வருஷம் மே மாதம் எனக்கு இருபத்திரண்டு வயது. ஜெர்மனி சரணடைந்துவிட்டது என்று எட்டாம் தேதி ரேடியோ சொன்னது. பிராக்கில் மட்டும் சண்டை ஓயவில்லை. மூன்று நாளாக அந்த நகரம் ரேடியோவில் உதவி கேட்டுக் கதறிக்கொண்டிருந்தது. கேட்ட எங்களுக்கெல்லாம் ஒரே நினைப்புதான்: அமெரிக்கர்கள் பிராக்குக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள், போனால் எங்கள் தெரு வழியாகத்தான் போகவேண்டும்.

பெரிய விருந்தாளி வருகிறார் என்றால் வளைவு கட்டாமல் எங்களால் இருக்க முடியாது. பிஷப் வந்தாலும் கட்டுவோம், தீயணைப்புப் படையின் ஆண்டு விழா வந்தாலும் கட்டுவோம். விருந்தாளி எந்தப் பக்கமிருந்து வருகிறாரோ அந்தப் பக்கத்து ஊர் எல்லையில் கட்டுவதுதான் முறை. அமெரிக்கர்கள் மேற்கிலிருந்து வருகிறார்கள், ஆகவே மேற்கே. கூரை வேலைக்காரர் என்பதால் பொறுப்பு அலோயிஸுக்கு. அப்பனும் மகனுமாக இரண்டு கம்பம் நட்டு, மேலே சட்டம் வளைத்து, ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் கிளைகளைச் சுற்றினார்கள். பெண்கள் காகித ரோஜா செய்தோம். பிளாஜெனா, ஊராட்சிக் கூரையிலிருந்து இறக்கிய ஜெர்மன் கொடியின் சிவப்புத் துணியைக் கிழித்து அமெரிக்கக் கொடி தைத்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை. இடம் இருக்கிற வரைக்கும் வை என்றார் என் அப்பா.

எப்போது வருகிறார்கள் என்று ஒருவர் போய்க் கேட்டு வரவேண்டுமே? விலேம் நான் போகிறேன் என்றான். தீயணைப்புப் படையில் அவன்தான் எக்காளம் ஊதுகிறவன். சைக்கிளை எடுத்தவன், படையின் பித்தளைத் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டான்.

“டேய், வெயில் நேரத்துல எதுக்குடா குண்டானக் கவுத்துக்கிட்டுப் போற?” என்றாள் பிளாஜெனா.

“தலை பளபளன்னு இருந்தாத்தான்க்கா அமெரிக்காக்காரன் என்னை ஜெர்மன்காரன்னு நெனச்சுச் சுடமாட்டான்.”

என் அப்பா ஒரு புட்டி பிளம் சாராயத்தை அவன் பையில் சொருகினார். விலேம் மேற்கே போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். அப்போது வளைவு முழுசாக நின்றுகொண்டிருந்தது. ‘உங்களை வரவேற்கிறோம்’ என்ற பலகை ஏறிவிட்டது. பாண்டு வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் தலைக்கவசம் மின்னியதுமே ஊர் முழுக்க ஓடியது. சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்த லூபோஷ்தான் முதலில் கத்தினான்.

“மாமா! வர்றாங்களா?”

விலேம் சைக்கிளை விட்டு இறங்கினான். வளைவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். “வர்றாங்கடா! நாளைக்குக் காலையில! நீ நல்லாக் கட்டு!” என்றான்.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தோம். என் அப்பா ஓசியில் பீர் ஊற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அமெரிக்கர்கள் தன் தலைக்கவசத்தைப் பார்த்து எப்படிச் சிரித்தார்கள், எப்படி ஆளுக்கு ஆள் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள், எவ்வளவு சாக்லேட் கொடுத்தார்கள் என்று சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் பாரம்பரிய உடை, பூவேலை செய்த ஏப்ரன், பாலாடைக்கட்டி வைத்த கொலாச் பணியாரம் எல்லாவற்றோடும் மேற்கு எல்லையில் நின்றோம். ஊரில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லோரும் மேற்கே பார்த்தபடி, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தோம். லூபோஷ் ஏணி மேல் நின்று கொடியைக் கட்டினான். அலோயிஸ் கீழே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாண்டு வாசிப்பு காதைப் பிளந்தது. அதனால் முதுகுப் பக்கம் லாரி வந்தது யாருக்கும் கேட்கவில்லை.

வந்தவர்கள் பிராக்கிலிருந்து தப்பி ஓடிவந்த ஹிட்லரின் எஸ்.எஸ். படைக்காரர்கள். ரஷ்யர்கள் கையில் சிக்காமல் அமெரிக்கர்களிடம் போய்ச் சரணடைய ஓடுகிறார்கள். ஆளில்லாத தெருவைத் தாண்டி வந்தால், எதிரே வளைவும் பாட்டும் அமெரிக்கக் கொடியும். முன் லாரியிலிருந்து ஒருவன் ஒரே ஒரு முறை சடசடவென்று சுட்டான். நாங்கள் பள்ளத்தில் விழுந்தோம். லூபோஷ் ஏணியிலிருந்து அப்பன் கைமேலேயே விழுந்தான்.

அப்புறம் அத்தனை லாரிகளும் எங்கள் வளைவுக்கு அடியில் போயின. ஒருவன் அண்ணாந்து பலகையைப் படித்துவிட்டுப் போனான். ஜெயித்தவர்களுக்காகக் கட்டிய வளைவில் தோற்று ஓடியவர்கள் நுழைந்து போனார்கள். போர் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னதற்கு மறுநாள் இது.

அமெரிக்கர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாள் ரஷ்யர்கள் கிழக்கிலிருந்து வந்தார்கள். அந்தப் பக்கம் எங்களிடம் வளைவு இல்லை. நியாயமாகச் சொல்லவேண்டும்: அவர்களில் ஒரு சிப்பாய், வாசலில் உட்கார்ந்திருந்த பிளாஜெனாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான், தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான். அலோயிஸ் வளைவைத் தன் கையாலேயே பிரித்தார். லூபோஷின் சவப்பெட்டிமேல் வைத்தது அந்த ஸ்ப்ரூஸ் கிளைகளைத்தான்.

நாற்பத்தெட்டில் கம்யூனிஸ்டுகளின் புது அரசாங்கம் வந்தது. ஒவ்வொரு மே மாதமும் கிழக்கு எல்லையில் வளைவு கட்டவேண்டும் என்று உத்தரவு. கட்டுகிறவர் அலோயிஸ். கட்டி முடித்ததும் மேடையில் ஏறிப் பேசவேண்டும். முதல் வருஷம் பேசினார்: “நாங்க காத்துக்கிட்டு நின்னோம். அமெரிக்காக்காரன் வரல. வந்திருந்தா எம் புள்ள இருந்திருப்பான்.” கட்சிச் செயலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு கடையில் என் முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

“தோழர் ஹன்ஸ்லீக், அவங்க வரலன்னு சொல்லுங்க, ரொம்ப நல்லது. ஆனா நீங்க காத்துக்கிட்டு நின்னதா எதுக்குச் சொல்றீங்க?”

“காத்துக்கிட்டு நின்னாத்தான தோழர் வரலன்னு சொல்ல முடியும்? காத்திருக்காதவனுக்கு எவன் வரலன்னு தெரியும்?”

அடுத்த வருஷத்திலிருந்து பேச்சை அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்கள் வேண்டுமென்றே மக்களைச் சாகவிட்டார்கள் என்று அதில் இருந்தது. அலோயிஸ் அதைப் படித்தார். வாங்கிப் படித்தார் என்பதற்காக அவரை ஏசியவர்கள் உண்டு. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்த ஒரு வரியை மட்டும் அவர் உண்மையென்றே நம்பினார். மற்றதெல்லாம் அவருக்குக் காகிதத்தில் வந்த எழுத்து.

விலேம் மேடைக்குக் கீழே நின்று எக்காளம் ஊதுவான். பேச்சு முடிந்ததும் மச்சானைக் கைத்தாங்கலாக இறக்கிவிடுவான். இதையும் சொல்லிவிடுகிறேன்: விலேம் கெட்டவன் மாதிரி நடந்துகொண்டதே இல்லை. பனிக்காலத்தில் அக்கா வீட்டுக்கு விறகு உடைத்துப் போட்டான். பிளாஜெனா நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தபோது இரண்டு மாதம் கூடவே இருந்தான். அவள் சாகும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு வாத்து வறுத்துப் போட்டாள். “எம் புள்ள போனதுக்கு அப்புறம் எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன்தான்,” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

கட்சியின் ஆட்சி கவிழ்ந்து, தொண்ணூறில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. கட்சிச் செயலாளர் காய்கறிக்கடை வைத்தார். போரில் இங்கே வந்து போன அமெரிக்கக் கிழவர்களை பில்சென் நகரம் மே மாத விழாவுக்கு அழைத்தது. அதில் ஒருவர், டாபின்ஸ் என்று பெயர், ரோகிட்சானிக்குக் கிழக்கே இருந்த காவல் சாவடியில் நின்றவராம். அந்தப் பக்கத்துக் கிராமத்தை ஒரு முறை பார்க்கவேண்டும் என்றாராம். ஊராட்சித் தலைவர் என் கடைக்கு ஓடிவந்து விருந்துக்குச் சொன்னார். அலோயிஸுக்கு நானே போய்ச் சொன்னேன். எண்பத்தாறு வயது மனிதர் அன்றைக்கே கல்யாணக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

விலேம்தான் குறுக்கே விழுந்தான். “எதுக்கு மச்சான் பழசக் கிளறிக்கிட்டு? அவனுக்கும் எழுபது வயசு இருக்கும். என்ன ஞாபகம் இருக்கப்போகுது? கேட்டு என்ன ஆகப்போகுது?”

“என்ன ஆகுமா? நாப்பத்தஞ்சு வருஷமா நீயும் நானும் இந்த மேஜையில எதுக்குடா உக்காந்தோம்?”

“மச்சான், ஒடம்புக்கு ஆகாது.”

“ஆகலன்னா சாகறேன். கேட்டுட்டுச் சாகறேன்.”

டாபின்ஸ் வந்தார். பெரிய உடம்பு, சின்னத் தொப்பி, கையில் கைத்தடி. மொழிபெயர்க்க பில்செனிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். மாட்டிறைச்சியும் கிரீம் குழம்பும் மாவு உருண்டையும் வைத்தேன். விருந்தாளி ஒரு கவளம் வாயில் வைப்பதற்குள் அலோயிஸ் எழுந்து நின்றுவிட்டார். விலேம் கணப்படுப்பு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வராமல் இருந்தால் ஊர் கேட்கும் என்றுதான் வந்திருப்பான்.

“கேளும்மா,” என்றார் அலோயிஸ் அந்தப் பெண்ணிடம். “நாலு கிலோமீட்டர். டாங்கிக்குப் பத்து நிமிஷம். நாங்க வளைவு கட்டி வெச்சுக்கிட்டு நின்னோம். எம் புள்ள அவங்க கொடியக் கட்டிக்கிட்டு இருந்தான். ஏன் வரல? அத மட்டும் கேளு.”

அந்தப் பெண் கேட்டாள். டாபின்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். வெகுநேரம் பேசினார். பெண் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

“ஓடையத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவாம். கோடு அங்க போட்டுட்டாங்களாம். சுட்ட சத்தம் அவங்களுக்குக் கேட்டுச்சாம். போலாம்னு இவர் அதிகாரிகிட்ட கெஞ்சினாராம், விடலையாம். அது தப்புதான்னு சொல்றார். அத அவர் மறக்கலையாம்.” பிறகு அவள் நிறுத்தி, டாபின்ஸிடம் ஏதோ திரும்பக் கேட்டாள். “ஆனா... ஊருக்கு முன்னாடியே தெரியுமேன்னு கேக்கறார். சொல்லி அனுப்பினாங்களாமே?”

“யாருக்கு?” என்றார் அலோயிஸ்.

டாபின்ஸ் கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் பழைய தீயணைப்புப் படைச் சாமான்களை நான் மாட்டி வைத்திருக்கிறேன்; வாளி, எக்காளம், தலைக்கவசம். அவர் கைத்தடியைத் தூக்கிப் பித்தளைத் தலைக்கவசத்தைக் காட்டிச் சிரித்தார்.

“அந்த மாதிரி ஒண்ணு மாட்டிக்கிட்டு ஒருத்தர் சைக்கிள்ல வந்தாராம்,” என்றாள் பெண். “இவங்க எல்லாரும் அத மாட்டிப் பாத்தாங்களாம். சாராயம் குடுத்தாராம், ரொம்ப நல்லா இருந்துச்சாம். இவங்க படையில செக் பேசற சார்ஜென்ட் ஒருத்தர் இருந்தாராம், அவரோட அப்பா, அம்மா இந்த நாட்டுக்காரங்க. அவர்தான் சைக்கிள்காரர்கிட்ட சொன்னாராம். ‘நாங்க வரமாட்டோம், எங்களுக்கு உத்தரவு இல்ல. ஜெர்மன்காரங்க உங்க தெரு வழியாத்தான் ஓடிவருவாங்க. யாரும் வெளிய நிக்காதீங்க, கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க’ன்னு. ரெண்டு தடவ சொன்னாராம். அவரும் புரியுதுன்னு தலையாட்டினாராம்.”

சொன்னதன் அர்த்தம் பாவம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கடையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கணப்படுப்புப் பக்கம் திரும்பவில்லை. அலோயிஸும் திரும்பவில்லை. நின்றபடியே கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

“அவர நல்லாச் சாப்பிடச் சொல்லும்மா. ஆறிப்போயிடும்,” என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பிறகு திரும்பிப் பார்த்தபோது விலேமின் நாற்காலியும் காலியாக இருந்தது. கோப்பையில் பாதி பீர் அப்படியே இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை விலேம் வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபத்தெட்டு வயதுக் கிழவன், சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

“நெசமா?” என்றேன்.

“எல்லாரும் என்னைத் தூக்கிட்டீங்க லீபா. உங்கப்பா பீர் ஊத்தறாரு. அக்கா கொடி தைக்கிறா. அந்தப் பய மேல இருந்து ‘மாமா வர்றாங்களா’ன்னு கத்தறான். அந்த நேரத்துல நான் எப்பிடிச் சொல்லுவேன்? மனசு மாறி வந்துருவாங்கன்னு நெனச்சேன். இவ்வளவு தூரம் வந்தவங்க நாலு கிலோமீட்டர் வராமயா போயிருவாங்கன்னு...”

“காலையில சொல்லியிருக்கலாமே?”

“காலையில எல்லாரும் துணி மாத்திக்கிட்டு நின்னீங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் சொல்ல எனக்கு வாய் எங்க இருந்துச்சு?”

“அவரோட சேந்துக்கிட்டு நாப்பத்தஞ்சு வருஷம் அமெரிக்காக்காரன ஏச மட்டும் வாய் இருந்துச்சா விலேம் அண்ணே? உங்க அக்கா கையால வாத்துத் தின்ன வாய் இருந்துச்சா?”

அவன் அழுதான். நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். உலகத்தில் யார் யாரோ துரோகம் செய்தார்கள் என்று அலோயிஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்: கோடு கிழித்தவர்கள், உத்தரவு போட்டவர்கள், உத்தரவைக் கேட்டு நின்றவர்கள். எல்லோரும் செய்தார்கள்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் துரோகம் வெள்ளிக்கிழமைதோறும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பீர் குடித்தது. அட்டைகளை அடுக்கிக்கொடுத்தது. மச்சான் என்று கூப்பிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. அலோயிஸ் வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான மேஜையில் உட்கார்ந்தார். “விலேம் வரட்டும்” என்று மட்டும் சொன்னார். வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். கடை முழுக்க ஆள்; சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அலோயிஸ் அட்டைகளைத் தொடவில்லை. கடுகு ஜாடியை ஒதுக்கினார். சாம்பல் கிண்ணத்தையும் உப்புக் கிண்ணத்தையும் மட்டும் நடுவில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துச் சாம்பல் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார்.

“இத்தன வருஷமா டாங்கியவே நகத்திக்கிட்டு இருந்தோம் மச்சான்,” என்றார். “சைக்கிள மேஜையில வெக்கவே இல்லயே.”

தீப்பெட்டியை விரலால் தட்டிக் காட்டினார்.

“இது நீ. தலையில கவசம் போட்டுக்கிட்டு வர்ற. ஓட்டு.”

“மச்சான், என்னை அடிச்சிரு. இது வேணாம்.”

“ஓட்டுடா.”

விலேமின் விரல் தீப்பெட்டியைத் தள்ளியது. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. உப்புக் கிண்ணத்தில் இடித்து நின்றது.

“வந்துட்ட. வளைவு நிக்குது. எல்லாரும் இருக்கோம். உங்க அக்கா இருக்கா. அவன் மேல உக்காந்திருக்கான். கேக்கறான். ‘மாமா, வர்றாங்களா?’” அலோயிஸ் காத்திருந்தார். “பதில் சொல்லு மச்சான். புள்ள கேக்கறான்ல?”

விலேமுக்கு உதடு கோணியது. சத்தமே வராமல் ஒரு முறை சொன்னான். பிறகு கடைசி மேஜை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“வரமாட்டாங்க. யாரும் வெளிய நிக்காதீங்க. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க.”

அலோயிஸ் தலையைத் தூக்கி என் கடையின் புகைபடிந்த உத்தரத்தைப் பார்த்தார். விலேமை அவர் அப்புறம் பார்க்கவே இல்லை, செத்துப்போகிற வரைக்கும் பார்க்கவில்லை.

“கேட்டியாடா லூபோஷ்? வரமாட்டாங்களாம். கொடி கெடக்குது, விட்டுட்டு எறங்கி வா. மெதுவா வா. ஏணிய நான் புடிச்சுக்கறேன்.”

மேஜை விளிம்பை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.